பெட்டி அறையில் இரண்டு கேமராக்கள்

ஜனவரி 6, திங்கள்

இந்த நோட்டை எடுத்தவர் யாராக இருந்தாலும் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். படிக்காமல் இருக்க முடியவில்லை என்றால் படித்துக்கொள்ளுங்கள். பிறகு எடுத்த இடத்திலேயே, கிழிந்த பாய்களுக்கு அடியில், வைத்துவிடுங்கள். வார்டனம்மாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நூர்ஜஹான் டீச்சரிடமும் வேண்டாம். அவர் நல்லவர். ஆனால் நல்லவர்களிடம் யாராவது உரக்கக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். என் அம்மாவிடம் காட்டவே கூடாது.

என் பெயர் வேணி. பத்தாம் வகுப்பு. பள்ளியின் பெயரை எழுதமாட்டேன். பெண்கள் பள்ளி, பின்புறம் விடுதி. வெளியூர்ப் பிள்ளைகள் இங்கேயே தங்கிப் படிக்கிறோம். எல்லோரும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறோம். நான் உட்கார்ந்து எழுதுவது பெட்டி அறையில். எல்லோருடைய டிரங்குப் பெட்டிகளும் இங்கேதான் அடுக்கியிருக்கின்றன. உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை விடுதியில் இது ஒன்றுதான். இன்றிலிருந்து இரவில் இங்கே வர எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. காரணம் கேமரா.

பள்ளிக்கு இந்த வருடம் பொன்விழா. மலர் போடுகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவி ஒருவர், தான் வைத்திருந்த இரண்டு கேமராக்களை மலர் வேலைக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்று பெரியது, டிஎஸ்எல்ஆர். கல்யாண வீட்டில் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார்களே, அது. பழைய மாடல். கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. இன்னொன்று சின்னது, சோப்புப் பெட்டி அளவு. உள்ளங்கையில் அடங்கிவிடும்.

கம்ப்யூட்டர் சொல்லித்தரும் நூர்ஜஹான் டீச்சர்தான் மலருக்குப் பொறுப்பு. போன வாரம் சில பிள்ளைகளை ஆளுக்கு ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். என் படமும் மிருதுளாவின் படமும் தேறின.

“வேணி முதல்ல எடுத்துக்கட்டும். மிச்சம் மிருதுளாவுக்கு” என்றார் டீச்சர்.

மிருதுளாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. அவளும் என் வகுப்பு, என் விடுதி. அவள் அப்பா பள்ளிக் கமிட்டியில் இருக்கிறார்.

“மிஸ், பெருசு அவளுக்கு வெயிட் தாங்காது மிஸ். கீழ போட்டுட்டான்னா?”

“போன வருசம் லேப்ல மானிட்டரக் கீழ போட்டது யாரு? வேணியா?” என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். “வேணி, நாளைக்குச் சொன்னாப் போதும். நல்லா யோசி. பேட்டரி சார்ஜ் போட பெட்டி ரூம்புக்குப் போய்க்க, வார்டனம்மாட்ட நான் சொல்லிக்கிறேன்.”

வெயிட் தாங்காதாம். சனிக்கிழமை காலையில் நான் தூக்கும் வாளிகளை மிருதுளா ஒருநாளாவது பார்த்திருக்கிறாளா? பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டேதான் துணி காயப்போடுவாள்.

ஜனவரி 7, செவ்வாய்

சின்னதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். டீச்சருக்கு ஆச்சரியம்.

“ஏண்டி? பெருசுலதான் படம் நல்லா வரும். மங்கின வெளிச்சத்துலகூட எடுக்கும். சின்னது வெயில்லதான் அழகு.”

“எனக்கு இது போதும் டீச்சர்.”

“ஒன் இஷ்டம். இதுல வீடியோவும் எடுக்கலாம். பெருசு அந்தக் காலத்தது, வீடியோ வராது.”

எனக்கு வீடியோ பற்றி யோசனையே இல்லை. எனக்கு வேண்டியது இரண்டே. சின்னது சுடிதார்ப் பையில் மறைந்துவிடும். சத்தத்தை அணைத்துவிடலாம். பெரியது பட்டனை அமுக்கியதும் கடக் என்று ஒரு சத்தம் போடுகிறது. தாழ்வாரத்தின் அந்தக் கோடிவரை கேட்கிறது.

சத்தம் ஏன் கேட்கக்கூடாது என்று எழுத இன்று தைரியம் வரவில்லை.

ஜனவரி 11, சனி

எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலையில் விடுதிப் பிள்ளைகள் துணி துவைப்பார்கள், தலைக்கு எண்ணெய் வைப்பார்கள். நாங்கள் ஆறு பேர் மட்டும் கக்கூஸ் கழுவுவோம். விடுதிக் கக்கூஸ், பள்ளிக் கக்கூஸ், டீச்சர்கள் கக்கூஸ். அடைத்துக்கொண்டால் குச்சி விட்டுக் குத்துவதும் நாங்கள்தான். ஆசிட் ஊற்றுவதும் நாங்கள்தான். கையுறை என்று ஒன்று உண்டு என்பதே எனக்குப் பாடப் புத்தகத்துப் படத்தில் பார்த்துத்தான் தெரியும்.

முறை வைத்துச் செய்தால் எனக்கு ஒன்றும் இல்லை. நாம் போகும் இடத்தை நாம் கழுவலாம். ஆனால் முறை எங்களைத் தாண்டிப் போவதே இல்லை. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இதேதான். நாங்கள் ஆறு பேரும் ஆறு ஊர்க்காரர்கள், வேறு வேறு வகுப்பு. ஆனால் ஆறு ஊரிலும் எங்கள் வீடு இருக்கும் இடத்துக்கு ஒரே பெயர்தான். அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

வார்டனம்மா எங்களைத் திட்டுவதில்லை, அதுதான் கொடுமை. சிரித்துக்கொண்டே சொல்வார். “நீங்கதாண்டி நல்லாச் செய்வீங்க. மத்த பிள்ளைகன்னா வாந்தி எடுத்துருங்க.”

எங்களுக்கு வாந்தி வராதா? சுகுணா ஏழாம் வகுப்பு, எங்களில் ரொம்பச் சின்னவள். இன்று காலையில் எடுத்தாள். அதையும் அவள்தான் கழுவினாள்.

பொன்மணி அக்கா என்று ஒருவர் இருந்தார். போன வருடம் பள்ளிக்கு வந்த அதிகாரியிடம் இதைச் சொன்னார். அதிகாரி வார்டனம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். வார்டனம்மா, “பொய் சொல்லுது சார், வீட்டுக்குப் போகணும்னு நாடகம்” என்றார். அதிகாரி பொன்மணி அக்காவிடம், “நீ சொல்றதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?” என்று கேட்டார். ஆதாரத்துக்கு அவர் எங்கே போவார்? டிசி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது விடிகாலையில் மில் வேனில் போகிறார். அதே வேனில்தான் என் அக்காவும் போகிறாள். எங்கள் ஊர்ப் பள்ளி எட்டாம் வகுப்போடு சரி. இங்கிருந்து அனுப்பிவிட்டால் எனக்கும் அந்த வேன்தான். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

ஆதாரம் என்ற வார்த்தை என் தலைக்குள் ஒரு வருடமாகக் கிடக்கிறது.

இன்று சுகுணா தேய்க்கும்போது வாசலில் நின்று எடுத்தேன். பிளாஷை அணைத்துவிட்டேன். தாழ்வாரத்தைப் பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்கினேன்.

“என்னக்கா பண்ற?” என்றாள் சுகுணா.

“ஒண்ணுமில்ல. குனிஞ்சுக்க.”

குனிந்துகொள் என்றா சொன்னேன்? முகம் காட்டு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

படங்களைப் பார்த்தேன். ஒரே கறுப்பு. ஒன்றில் வாளி விளிம்பு மாதிரி ஏதோ இருக்கிறது. ஒன்றில் பாதிக் கால். யார் கால் என்று எனக்கே தெரியவில்லை. பயந்து எடுத்த படம் பயந்த மாதிரியே இருக்கிறது.

இன்று மதியம் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம்.

ஜனவரி 19, ஞாயிறு

திரும்பி வந்துவிட்டேன். நோட்டை ஊருக்கு எடுத்துப் போகவில்லை.

போவதற்கு முன் இரண்டு கையிலும் விரல் நுனிவரை மருதாணி அப்பிக்கொண்டேன். பிளீச்சிங் பவுடர் என் நகக்கண்ணை அரித்து வைத்திருக்கிறது. அம்மா பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். அவள் பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர். குப்பை வண்டி தள்ளுகிறாள். அவள் விரலும் அப்படித்தான் இருக்கும்.

“என்னடி திடீர்னு மருதாணி?”

“பிரண்டு வச்சுவிட்டாம்மா.”

“அங்க வேலை கீலை எதுவும் சொல்றாங்களா?” ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

“படிக்கத்தாம்மா சொல்றாங்க.”

அம்மா தட்டில் சோற்றைப் போட்டாள். சாப்பிடும்போது என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊரிலிருந்து கிளம்பும்போது பையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்றை வைத்து, “தலைக்கு இல்ல, கைக்குப் போடு” என்றாள். மருதாணி நன்றாகச் சிவக்கும் என்பதற்காகச் சொல்லியிருப்பாள்.

ஜனவரி 20, திங்கள்

இன்று மிருதுளாவிடம் நானே போய், “மாத்திக்குவோமா?” என்று கேட்டேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். “ஏன்? ரிப்பேர் பண்ணிட்டியா?”

“இல்லப்பா. இருட்டுல வர மாட்டேங்குது.”

“இருட்டுல ஒனக்கு என்ன போட்டோ? பேய எடுக்கப் போறியா?” என்று சிரித்தாள். ஆனால் அவளுக்கும் பெரியது கழுத்தை அறுக்கிறது. சின்னதில் தன்னைத் தானே எடுத்துக்கொள்ளலாம். “மலர் உருவான கதைன்னு நான் வீடியோ போடப் போறேன். ஆண்டு விழால ஸ்கிரீன்ல காட்டுவாங்க. நீ அந்தக் குண்டானையே கட்டிட்டு அழு.”

கொடுத்துவிட்டாள். நானும் கொடுத்துவிட்டேன். சின்னதைக் கொடுக்கும்போது அதிலிருந்த கறுப்புப் படங்களை எல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஒரு வருடம் யோசித்தது ஒரு நிமிடத்தில் அழிந்தது.

பெரியதை எங்கே மறைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கடக் சத்தத்தை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. கேமரா மேல் தலையணையைச் சுற்றி அமுக்கிப் பார்த்தேன். அப்போதும் கேட்கிறது.

ஜனவரி 22, புதன்

எனக்கு இன்று கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பெரிய கேமராவை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தேன். வாட்ச்மேன் சட்டைப் பட்டனைப் போட்டார். சமையல்கார அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கணக்கு டீச்சர், என்னை வாரத்துக்கு ஒருமுறை முட்டி போட வைப்பவர், “வேணிம்மா, சைடுல இருந்து எடு, அதுலதான் நான் நல்லா இருப்பேன்” என்றார். வேணிம்மா!

வார்டனம்மா தன் அறை வாசலில் நின்றிருந்தார். கேமராவைக் கீழே இறக்கினேன். அவர் கேட்டது இதுதான்: “ஏ புள்ள, விடுதிக்கு மலர்ல எத்தன பக்கம்?”

“ஒரு பக்கம்மா.”

“ஒண்ணுதானா? சரி, என் போட்டோ இல்லாம போட்றாத. சனிக்கிழம நல்ல சேலை கட்டுறேன். விடுதில தூய்மைப் பணி நடக்குற மாதிரி எடு. பாக்குறவங்களுக்கு நல்லா இருக்கும்.”

நான் தலையை ஆட்டினேன். என் காதில் விழுந்ததை நம்புவதற்குப் பெட்டி அறைக்கு வந்து உட்கார வேண்டியிருந்தது. நான் தலையணைக்குள் ஒளித்து எடுக்கப் பார்த்ததை அவர் தேதி குறித்து எடுக்கச் சொல்கிறார்.

ஜனவரி 25, சனி

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

வார்டனம்மா தீபாவளிக்கு எடுத்த பட்டுச் சேலையில் வந்தார். தலையில் மல்லிகை. கக்கூஸ் வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சுகுணா, அழகுமீனா, கனி, பவித்ரா, ராக்கம்மா. பட்டியல் எதுவும் பார்க்கவில்லை. எல்லாம் மனப்பாடம்.

“ஒருத்தி கொறையுதே. ஓ, நீயா? வேணி, நீ ஒன் வெளக்கமாத்தச் செவுத்துல சாத்தி வையி. எடுத்து முடிச்சுட்டு வந்து சேந்துக்க.”

பிறகு என்னிடம், “பின்னாடி அந்தச் செவுரு தெரியாம எடு. பெயிண்டு உரிஞ்சு அசிங்கமா இருக்கு” என்றார்.

சுவர் அசிங்கமாம்.

மிருதுளாவும் வந்திருந்தாள், சின்னதை நீட்டிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு. தன் முகமும் தெரிய வேண்டும் என்று கையைத் திருப்பித் திருப்பி எடுப்பாள். என்ன நினைத்தாளோ, சுவரில் சாத்தியிருந்த என் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்ச் சுகுணா பக்கத்தில் நின்றாள்.

“வார்டனம்மா, நானும் நிக்கட்டுமா? போட்டோக்குத்தான்.”

“ச்சீ, நீ எதுக்கும்மா அதத் தொடுற?” வார்டனம்மா ஓடிவந்து அதைப் பிடுங்கினார். “ஒங்க அப்பா பாத்தார்னா என்னைய என்ன நெனைப்பாரு? போயிக் கைய சோப்புப் போட்டுக் கழுவு. இவளுக செய்யட்டும். இவளுகளுக்குப் பழக்கம்.”

மிருதுளா சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். மற்ற ஐந்து பேரும் சிரிக்கவில்லை. நான் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேன், என் முகம் தெரியக்கூடாது என்று.

கடக். கடக். கடக். எல்லோருக்கும் கேட்டது. யாருக்கும் கவலை இல்லை.

படம் எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது தெரியுமா? சுகுணாவின் கண் இமைகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. கனியின் விரல் வெடிப்பு தெரிகிறது. நடுவில் பட்டுச் சேலை. ஆனால் இந்தப் படத்தைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? ஏதோ தூய்மை தினம், பிள்ளைகள் உதவுகிறார்கள், வார்டனம்மா எவ்வளவு அக்கறை என்றுதான் நினைப்பார். ‘நீ எதுக்கும்மா’ என்றது இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது? பெரியதில் வீடியோ வராது. நான் மறுபடியும் தப்பான கேமராவை எடுத்திருக்கிறேன்.

எடுத்து முடித்துவிட்டு, அவர் சொன்னபடியே, போய்ச் சேர்ந்துகொண்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். பெரியதில் எடுத்தேன். வார்டனம்மா மைக்கில் சமத்துவம் பற்றிப் பேசினார். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

மிருதுளாவின் வீடியோவை இன்று கம்ப்யூட்டர் அறையில் போட்டுப் பார்த்தார்கள். தலைமையாசிரியரான பெரிய டீச்சர், வார்டனம்மா, நூர்ஜஹான் டீச்சர், மிருதுளா, நான்.

நடனப் பயிற்சி, பேச்சுப் போட்டி எல்லாம் வந்தது. பிறகு கக்கூஸ் வரிசை வந்தது. வார்டனம்மா ஓடிவருவது, பிடுங்குவது, சொன்னது எல்லாம் ஒரு சொல் விடாமல் அதில் இருக்கிறது. இப்போது வெட்டச் சொல்லிவிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

வார்டனம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “என் கொரல் ரேடியோல பேசுற மாதிரி இல்ல?”

பெரிய டீச்சர், “டான்ஸ் ரொம்ப நீளம். அதக் கொறைச்சுருங்க. மத்தது நல்லாருக்கு” என்றார்.

அவ்வளவுதான். வெட்டச் சொல்லவில்லை. மறைக்க வேண்டியது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நான் ஒரு வருடமாக ஒளிந்து பார்ப்பதை அவர்கள் சிரித்துக்கொண்டு பார்க்கிறார்கள். அவர்கள் பயந்து பயந்து செய்கிற தப்பு என்று நினைத்திருந்தேன். அப்படி இருந்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

நூர்ஜஹான் டீச்சருக்கும் ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது. மௌஸ் மேல் வைத்த கை அப்படியே இருந்தது. எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டு வேறு எதையோ கேட்டார். “வேணி, ஒங்க அம்மா ஆண்டு விழாவுக்கு வருவாங்களா?”

“லீவு கிடைக்காது டீச்சர்.”

“போட்டுட்டு வரச் சொல்லு. சுகுணா வீட்டுல, கனி வீட்டுல, எல்லார் வீட்டுலயும் வரச் சொல்லு. ஆபீஸ் போன்ல நான் பேசவிடுறேன்.”

மலர் வேலையில் இவ்வளவு அலைச்சல். இதற்கும் டீச்சருக்கு எங்கே நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று ஆண்டு விழா. முன்வரிசையில் சோபாவில் கமிட்டிக்காரர்கள். மிருதுளாவின் அப்பாவும் அங்கே. எங்கள் வீட்டு ஆட்கள் கடைசியில், பெஞ்சில். அம்மா, பேரூராட்சியில் வேலைக்குக் கொடுத்த சேலையைக் கட்டாமல், அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

வீடியோ ஓடியது. வார்டனம்மா விளக்குமாற்றைப் பிடுங்கும் இடத்தில் முன்வரிசையில் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. நான் மேடைக்குப் பக்கத்தில் கேமராவோடு நின்றேன். அம்மாவைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தேன்.

“அத நிப்பாட்டுங்க.”

அம்மாவின் குரல். நான் நிமிரவில்லை.

“அத மறுபடி போடுங்க. நான் சரியாக் கேக்கல.”

பெரிய டீச்சர் மைக்கில், “அடுத்ததாக ஒன்பதாம் வகுப்பு மாணவிகளின் கும்மி” என்றார். லேப்டாப் பக்கத்தில் நூர்ஜஹான் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அறிவிப்பு காதில் விழவில்லையோ என்னவோ, அந்த இடத்தை மறுபடி போட்டார். சத்தத்தையும் கூட்டி வைத்தார். இவளுகளுக்குப் பழக்கம். அரங்கம் முழுவதும் கேட்டது. இந்த முறை முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

அம்மா நடைபாதையில் வந்துகொண்டே கேட்டாள். “எதும்மா பழக்கம்? ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு எதும்மா பழக்கம்? எனக்குப் பழக்கம், ஒத்துக்கிறேன். எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க. எம் பிள்ளைக்கு நீ என்ன குடுத்த?”

வார்டனம்மா எழுந்தார். “இந்தாம்மா, மரியாதையாப் பேசு. அது சும்மா போட்டோக்கு எடுத்தது.”

“போட்டோக்கா? அப்ப அந்தப் பிள்ளைய ஏன் கை கழுவச் சொன்ன?” அம்மா என் பக்கம் திரும்பினாள். “வேணி. மருதாணி எங்கடி? அழிஞ்சு போச்சா? கையக் காட்டு, எல்லாரும் பாக்கட்டும்.”

நான் காட்டவில்லை. கேமராவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அம்மா மேல்கூடக் கோபம் வந்தது. பொங்கலுக்கே தெரிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருக்கக்கூடாதா? மேடையில் நின்றிருந்த சுகுணாதான் நீட்டினாள், யாரும் கேட்காமலே. அவளுடைய அப்பா மேடையில் ஏறி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கும்மி நடக்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

எங்கள் ஆறு வீட்டு ஆட்களும் நேற்றிலிருந்து கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ் வந்து பேசியது. நாளைக் காலையில் கல்வி அதிகாரி வருகிறாராம், எங்களை விசாரிக்க.

மதியம் கேட்டுக் கம்பி வழியாக அம்மா, “வா, போயிருவோம்” என்றாள்.

“பரீட்சை இருக்கும்மா.”

கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். “அப்ப இரு. நீ எதச் சொன்னாலும் சரி. நான் இங்கதான் ஒக்காந்துருப்பேன்.”

எதைச் சொன்னாலும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பயந்தால் பயந்துகொள் என்று அர்த்தம். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. வார்டனம்மா ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிடுகிறார். “அது நடிப்பு. வீடியோவுக்காக டீச்சர் சொல்லித்தந்தாங்க. அப்படிச் சொல்லு போதும். ஹால் டிக்கெட் எல்லாம் என் கையிலதான் இருக்கு.” பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிப்பவர்களுக்கு ஹால் டிக்கெட், மற்றவர்களுக்கு டிசி. நூர்ஜஹான் டீச்சரை லீவில் போகச் சொல்லிவிட்டார்கள். லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டார்கள். கனி சரி என்று சொல்லிவிட்டாள். பவித்ராவும், அழகுமீனாவும், ராக்கம்மாவும். சுகுணா பெட்டி அறை வாசலில் வந்து நின்று, “நானும் சரின்னுட்டேங்க்கா” என்று அழுதாள். நான் அவளைத் திட்டவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயது. என் முறை கடைசி. இரவில் வருவேன் என்று வார்டனம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார், “பெரிய கேமராவ எடுத்து வைக்கச் சொல்லு, அதுலதான எல்லாம் இருக்கு” என்று.

பாருங்கள், இன்னும் பெரியதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறார். சின்னதை மிருதுளா அவர் முகத்துக்கு நேரே நீட்டித்தான் எடுத்தாள். ஆனால் அதை அவர் கேமராவாகவே மதிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மிருதுளா இங்கே வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, “நான் என்னடி தப்புப் பண்ணேன்? எல்லாரும் என்னையப் பாக்குறாங்க” என்றாள்.

“நீ ஒண்ணும் பண்ணல. அதான்” என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன்.

முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. “அந்த வீடியோவ நான் எத்தனவாட்டி பாத்துருப்பேன் தெரியுமா? என் முடி எப்படி இருக்குன்னு மட்டுந்தான் பாத்தேன்” என்றாள். பிறகு பையிலிருந்து சின்னதை எடுத்து என் மடியில் வைத்தாள். “அழிக்கல, உள்ளதான் இருக்கு. என்கிட்ட இருந்தா எங்க அப்பா வாங்கிருவாரு. நான் தொலைச்சுட்டேன்னு சொல்லிக்கிறேன். எப்படியும் நான் கீழ போடுறவதான?”

ஆகவே இப்போது இரண்டும் என் முன்னால் இருக்கின்றன. ஒன்றைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கார்டை எடுத்துவிட்டுக் கொடுத்தால் திறந்து பார்த்துவிடுவார்.

பெரியதைக் கொடுக்க மனம் வரவில்லை. சுகுணாவின் இமை அதில்தான் இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர் முகம் காட்டி நிற்கும் ஒரே படம். நான் அதில் இல்லை, ஆனாலும் அவர்கள் என்று எழுத வரவில்லை, நாங்கள் என்றுதான் வருகிறது. நான் எடுத்த ஒரே நல்ல படமும் அதுதான். ஆனால் அந்தப் படத்தை நடிப்பு என்று சொல்லிவிடலாம். நிற்கச் சொன்னார்கள், நின்றோம், சிரிக்கச் சொன்னார்கள், சிரிக்கவில்லை, அவ்வளவுதான். மிருதுளாவிடம் விளக்குமாற்றைத் தொடாதே என்றது நடிப்பு இல்லை. அந்தப் பதற்றத்தை யாரும் சொல்லித்தந்து வரவழைக்க முடியாது. அது சின்னதில்தான் இருக்கிறது.

பெரியதைத் துடைத்து, மூடி போட்டு, கதவுக்குப் பக்கத்துப் பெட்டி மேல் வைத்துவிட்டேன். சின்னது என் சுடிதார்ப் பையில் இருக்கிறது.

நாளைக்கு அதிகாரியிடம் அதை நீட்டினால் மட்டும் போதாது. வாயால் சொல்ல வேண்டும். மற்ற ஐந்து பேரும் நடிப்பு என்று சொன்ன பிறகு நான் ஒருத்தி மாற்றிச் சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தேன். நாங்கள் நடிக்கவில்லை சார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். காற்றுதான் வந்தது. ஹால் டிக்கெட் நினைவுக்கு வந்தது, மில் வேன் நினைவுக்கு வந்தது, என்னைய என்ன நெனைப்பாரு என்று வார்டனம்மா பதறியதும் நினைவுக்கு வந்தது. எழுந்து நின்றுகொண்டு சொன்னேன். இந்த முறை வந்துவிட்டது. நாங்க நடிக்கல. பெட்டிகளில் எல்லாம் மோதித் தகரம் அதிர்கிற மாதிரி வந்தது. கூடத்தில் யாரோ எழுந்திருப்பது கேட்கிறது. கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போல, கதவை யாரோ தட்டு